பனிப்பாலையில் உடன் நடந்தவர்

வெளியூர் புறப்படும் பிள்ளையின் நெற்றியில் சிலுவை அடையாளம் வரைந்து அனுப்புவது நம் குடும்பங்களில் உள்ள நல்ல வழக்கம். கடலுக்குப் போனவர், புயலில் சிக்கியவர், போர் நடக்கும் நாட்டில் வேலை செய்பவர் என்று யாராக இருந்தாலும், அவர் வீடு வந்து சேரும்வரை செபமாலையைக் கையிலிருந்து கீழே வைக்கமாட்டோம். வந்து சேர்ந்ததும் கோவிலுக்குச் சென்று நன்றி சொல்கிறோம். ஆனால் வராமலே போனவர்களின் வீடுகளும் நம் பங்குகளில் உண்டு. நாங்களும் அதே கடவுளிடம்தானே செபித்தோம், எங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஏன் வரவில்லை என்று அங்கே கேட்கப்படும் கேள்விக்கு, இறையியல் படித்த நாமும் பலமுறை பதில் தெரியாமல் தலைகுனிந்து அமர்ந்திருக்கிறோம்.

பேரிடரிலிருந்து வீடு திரும்புவதில் இறைநம்பிக்கைக்கு என்ன பங்கு? இந்தக் கேள்வியோடு இன்று ஒரு மனிதரின் வாழ்வைச் சிந்திப்போம். அவர் பெயர் எர்னஸ்ட் ஷாக்கில்டன். அவர் கத்தோலிக்கர் அல்லர், புனிதரும் அல்லர். கடனும் குறைகளும் நிறைந்த ஒரு கடலோடி. ஆயினும் தென்துருவப் பனியில் அவர் பட்ட பாடும், தம்மோடு வந்தவர்களுக்காக அவர் எடுத்த முயற்சியும் நம் நம்பிக்கை வாழ்வுக்கு நிறையக் கற்றுத் தருகின்றன.

திரும்பி வரத் துணிந்தவர்

1874ஆம் ஆண்டு பிப்ரவரி 15ஆம் நாள் அயர்லாந்தின் கில்டேர் மாவட்டத்தில் ஷாக்கில்டன் பிறந்தார். உடன்பிறந்தோர் ஒன்பது பேர். தந்தை மருத்துவரானபின் குடும்பம் இலண்டனில் குடியேறியது. மகனும் மருத்துவராக வேண்டும் என்பது தந்தையின் ஆசை. மகனின் மனமோ கடலில் இருந்தது. 16 வயதில் பாய்மர வணிகக் கப்பல் ஒன்றில் வேலைக்குச் சேர்ந்தார்.

1901இல் இராபர்ட் ஸ்காட் தலைமையில் தென்துருவப் பகுதிக்குச் சென்ற குழுவில் அவரும் ஒருவர். அந்தப் பயணத்தில் ஸ்கர்வி நோயும் மூச்சுத் திணறலும் அவரை வாட்டின. அதனால் அவர் 1903இல் நாட்டுக்கு அனுப்பப்பட்டார். அந்த அவமானம் அவர் மனத்தில் முள்ளாய்த் தைத்தது.

1907இல் தாமே ஒரு குழுவை அழைத்துக்கொண்டு மீண்டும் புறப்பட்டார். அதுவரை எவரும் தொடாத தென்துருவத்தை அடைவதே நோக்கம். 1909 சனவரி 9ஆம் நாள் அவரும் மூன்று தோழர்களும் துருவத்திற்கு ஏறக்குறைய 180 கிலோமீட்டர் அருகில் நின்றார்கள். முயன்றால் எட்டிவிடலாம். ஆனால் எட்டியபின் உயிரோடு திரும்ப உணவு போதாது. உலகப் புகழ் கைக்கெட்டும் தொலைவில் இருந்தபோது அவர் திரும்பி நடந்தார். செத்த சிங்கத்தைவிட உயிருள்ள கழுதையே மேல் என்று நீயும் நினைப்பாய் என எண்ணினேன் எனப் பின்னர் மனைவி எமிலியிடம் அவர் சொன்னதாகக் கூறுவர். சபை உரையாளர் நூலிலும் இதையொத்த ஒரு கருத்து, நாயையும் சிங்கத்தையும் வைத்துச் சொல்லப்பட்டிருப்பதை நாம் அறிவோம்.

அந்தத் திரும்பு பயணத்தில் நடந்த ஒரு சிறு நிகழ்ச்சி. எல்லாரும் பசியால் தள்ளாடிய ஒருநாள், தம் பங்கிற்குக் கிடைத்த ஒரே ஒரு பிஸ்கட்டைத் தோழர் ஃபிராங்க் வைல்டின் கையில் ஷாக்கில்டன் வலுக்கட்டாயமாகத் திணித்தார். எத்தனை ஆயிரம் பவுன் கொடுத்தாலும் அந்தப் பிஸ்கட்டுக்கு ஈடாகாது என வைல்டு தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். வழியில் ஒருவர் நோயுற்று விழுந்தார். துணைக்கு மற்றொருவரை விட்டுவிட்டு, ஷாக்கில்டனும் வைல்டும் விரைந்து சென்று கப்பலைக் கண்டார்கள். கப்பலில் ஏறிய சில மணி நேரத்திலேயே, களைப்பைப் பாராமல், விட்டுவந்த இருவரையும் அழைத்துவர அவரே திரும்பிப் புறப்பட்டார். பிறகு நடக்கப்போவதற்கு இது ஒரு முன்னடையாளம்.

உடைந்த கப்பல், கிழித்த பக்கங்கள்

1911இல் நார்வே நாட்டு அமுண்ட்சென் துருவத்தை அடைந்துவிட்டார். அதனால் தென்துருவக் கண்டத்தை ஒரு கரையிலிருந்து மறுகரைக்குக் கடப்பது என ஷாக்கில்டன் புதிய இலக்கு வகுத்தார். என்டியூரன்ஸ் என்ற கப்பல் 1914 டிசம்பர் 5ஆம் நாள் தெற்கு ஜார்ஜியா தீவிலிருந்து புறப்பட்டது. கப்பலில் 28 பேர். அவர்களுள் ஒருவர் யாருக்கும் தெரியாமல் ஒளிந்து ஏறிய பிளாக்பரோ என்னும் இளைஞர்.

1915 சனவரியில், கரையிறங்க வேண்டிய இடத்திற்கு ஒருநாள் பயணத் தொலைவில், வெட்டல் கடலின் பனிக்கட்டிகள் கப்பலைச் சூழ்ந்து இறுக்கிக்கொண்டன. பத்து மாதம் பனி இழுத்த பக்கமெல்லாம் கப்பலும் போனது. வெளியுலகிற்குச் செய்தி அனுப்பும் கருவி அவர்களிடம் இல்லை. அவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அக்டோபர் 27ஆம் நாள், பனியின் அழுத்தத்தில் நொறுங்கிக்கொண்டிருந்த கப்பலை விட்டு அனைவரும் பனித்தளத்தில் இறங்கினார்கள். நவம்பர் 21இல் அது மூழ்கியது.

கண்டத்தைக் கடக்கும் கனவு அன்றோடு முடிந்தது. அத்தனை பேரையும் உயிரோடு வீடு சேர்ப்பதே இனி ஒரே வேலை என ஷாக்கில்டன் முடிவு செய்தார். சுமையைக் குறைக்க வேண்டும். ஒவ்வொருவரும் ஒரு கிலோவுக்கும் குறைவான சொந்தப் பொருளையே வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, முதலில் தம்மிடமிருந்த தங்க நாணயங்களைப் பனியில் எறிந்தார். அரசி அலெக்சாண்டிரா கப்பலுக்கு அன்பளிப்பாகத் தந்த விவிலியத்தையும் பனியில் வைத்தார். அதற்குமுன், அரசி கையெழுத்திட்ட தாளையும், 23ஆம் திருப்பாடல் உள்ள தாளையும், உறைபனியைப் பெற்றெடுத்தவர் யார் என்று கடவுள் யோபுவிடம் கேட்கும் தாளையும் கிழித்துத் தம்மோடு எடுத்துக்கொண்டார்.

எஞ்சிய விவிலியம் அங்கேயே கிடக்கவில்லை. தாமஸ் மெக்லவுட் என்ற மாலுமி யாருக்கும் தெரியாமல் அதை எடுத்து வைத்துக்கொண்டார். விவிலியத்தைக் கைவிட்டால் கேடு வரும் என்று அவர் அஞ்சினாராம். அது நம்பிக்கையா, மாலுமிகளுக்கே உரிய அச்சமா என்று பிரித்துப் பார்ப்பது கடினம். நம் செபங்களிலும் இரண்டும் கலந்துதானே இருக்கின்றன! ஆனால் அந்தத் தலைவர் எடுத்துக்கொண்ட பக்கங்களைக் கவனிப்போம். ஒன்று, இருள் சூழ்ந்த பள்ளத்தாக்கிலும் உடன் நடக்கும் ஆயரைப் பற்றியது. மற்றொன்று, துன்புறும் மனிதர் கடவுளை நோக்கிக் கேட்கும் கேள்விகளும், கடவுள் திருப்பிக் கேட்கும் கேள்விகளும் அடங்கிய நூலினுடையது. ஆபத்து வராது என்ற வாக்குறுதி இரண்டு பக்கங்களிலும் இல்லை.

ஆறு பேர், ஒரு படகு

பனித்தளத்தின்மேல் கூடாரம் அடித்து ஐந்து மாதத்திற்கும் மேல் காத்திருந்தார்கள். 1916 ஏப்ரல் 9ஆம் நாள் பனி பிளந்தது. மூன்று சிறு படகுகளில் ஏறி, ஏறத்தாழ ஒரு வாரம் கடலோடும் குளிரோடும் போராடி எலிபண்ட் தீவில் கரையேறினார்கள். 16 மாதங்களுக்குப் பின் முதன்முறையாகக் கால்கள் கெட்டியான நிலத்தைத் தொட்டன. ஆனால் அது மனிதர் வாழாத தீவு. எந்தக் கப்பலும் அவ்வழியே போவதில்லை.

ஆகவே யாராவது போய் உதவி கொண்டுவர வேண்டும். ஜேம்ஸ் கெயர்டு என்ற படகு 7 மீட்டர் நீளம்கூட இல்லாதது. ஹாரி மெக்னிஷ் என்ற தச்சர், கிடைத்த பலகையையும் கித்தான் துணியையும் கொண்டு அதற்கு மேல்மூடி அமைத்தார். ஏப்ரல் 24ஆம் நாள் ஷாக்கில்டன் ஐந்து பேருடன் தெற்கு ஜார்ஜியாவை நோக்கிப் புறப்பட்டார். இடையில் உலகிலேயே கொந்தளிப்பு மிகுந்த கடல், ஏறக்குறைய 1,500 கிலோமீட்டர். எஞ்சிய 22 பேரையும் ஃபிராங்க் வைல்டின் பொறுப்பில் விட்டுச் சென்றார்.

படகின்மேல் தெறித்த அலைநீர் பனியாய் உறைந்து அதை அமிழ்த்தப் பார்த்தது. தவழ்ந்து சென்று அந்தப் பனியை வெட்டி எறிந்தார்கள். திசையறிய வேண்டிய கப்பல் தலைவர் வோர்ஸ்லிக்குச் சூரியன் நான்குமுறை மட்டுமே சரியாகத் தென்பட்டது. கணக்கு சற்றே பிசகினாலும் தீவைத் தவறவிட்டு அட்லாண்டிக் பெருங்கடலில் தொலைந்திருப்பார்கள். மே 10ஆம் நாள் தெற்கு ஜார்ஜியாவில் கரையிறங்கினார்கள். கரையை நெருங்குகையில் படகின் சுக்கான் கழன்று கடலோடு போய்விட்டது. சில நாள் கழித்து, அத்தனை பெரிய கடலிலிருந்து அது அவர்கள் தங்கியிருந்த சிறு குடாவுக்கே மிதந்து வந்தது.

ஆயினும் மனிதர் இருந்த திமிங்கல வேட்டை நிலையம் தீவின் மறுபக்கத்தில் இருந்தது. நடுவில் எவரும் கடந்திராத பனிமலைகள். நடக்க இயலாத நிலையில் இருந்த இருவரையும், அவர்களுக்குத் துணையாக ஒருவரையும் விட்டுவிட்டு, ஷாக்கில்டன், வோர்ஸ்லி, டாம் கிரீன் ஆகிய மூவரும் மே 19ஆம் நாள் புறப்பட்டார்கள். கையில் ஒரு கயிறு, தச்சரின் வாய்ச்சி ஒன்று. வழுக்காமலிருக்கக் காலணிகளின் அடியில் திருகாணிகள். கூடாரமும் இல்லை, படுக்கையும் இல்லை. டாம் கிரீன் அயர்லாந்தின் கெர்ரி பகுதியைச் சேர்ந்த எளிய கத்தோலிக்கர், கழுத்தில் உத்தரியம் அணிந்திருந்தவர்.

36 மணி நேரம் நடந்தார்கள். ஓரிடத்தில் தோழர் இருவரும் சோர்ந்து உறங்கிவிட்டார்கள். தாமும் உறங்கினால் மூவருமே எழமாட்டோம் என்று உணர்ந்த ஷாக்கில்டன் விழித்திருந்தார். ஐந்தே நிமிடத்தில் அவர்களை எழுப்பி, அரைமணி நேரம் உறங்கிவிட்டீர்கள் என்று சொல்லி நடக்க வைத்தார். மே 20 காலை 7 மணிக்கு, வேட்டை நிலையத்தில் வேலைக்கு அழைக்கும் சங்கு ஒலித்தது. 17 மாதங்களில் அவர்கள் கேட்ட முதல் வெளியுலக ஓசை அது. மாலையில் ஸ்ட்ராம்னெஸ் நிலையத்தை அடைந்தபோது, அவர்களின் கோலத்தைக் கண்டு குழந்தைகள் ஓடினார்கள்.

நான்காமவர்

பின்னாளில் இந்தப் பயணத்தைப் பற்றி எழுதியபோது ஷாக்கில்டன் ஒரு செய்தியை வெளியிட்டார். அந்த மலைகளைக் கடக்கையில், தாங்கள் மூவர் அல்லர், நால்வர் என்ற உணர்வு தமக்கு அடிக்கடி எழுந்ததாம். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பின்பு வோர்ஸ்லி தாமாகவே வந்து, தமக்கும் அப்படியே தோன்றியதாகச் சொன்னார். கிரீனும் அதையே சொன்னார். பனிமலைகளில் மட்டுமன்றி, கடலிலும் இறைப்பராமரிப்பே தங்களை நடத்தியது என்பதில் ஷாக்கில்டனுக்கு ஐயம் இல்லை. 1922இல் கவிஞர் எலியட் எழுதிய பாழ்நிலம் என்ற கவிதையிலும் இந்த நிகழ்ச்சியின் சாயல் உண்டு.

உறக்கமின்மையாலும் கடுங்குளிராலும் களைத்துப்போன மூளை இப்படி ஒருவரைக் கற்பனை செய்யும் என்று மருத்துவர்கள் விளக்குவார்கள். அந்த விளக்கத்தோடு நாம் சண்டை போட வேண்டியதில்லை. கடவுள் நம் களைப்பின் வழியாகவும் பேசக்கூடியவர். தானியேல் நூலில் தீச்சூளைக்குள் எறியப்பட்ட மூவரோடு நான்காமவர் ஒருவர் உலாவியதை அரசன் கண்டான். எம்மாவு சாலையில் துயரத்தோடு நடந்த இரு சீடர்களுடன் மூன்றாமவராய் ஒருவர் சேர்ந்துகொண்டார். தீ அணைக்கப்பட்டபின் அவர் வரவில்லை, தீக்குள்ளேயே வந்தார். சீடர்களின் கண்ணீர் உலர்ந்தபின் வரவில்லை, அழுகையின் நடுவில் வந்தார். இதுவே நம் விசுவாசத்தின் மையம்.

நான்குமுறை முயன்றவர்

இப்போது ஷாக்கில்டன் பாதுகாப்பான இடத்தில் இருக்கிறார். வெந்நீரும் உணவும் படுக்கையும் கிடைத்துவிட்டன. ஆனால் அவர் மனம் எலிபண்ட் தீவில் இருந்தது. தீவின் மறுபக்கம் விட்டுவந்த மூவரையும் அழைத்துவர வோர்ஸ்லி உடனே சென்றார். 22 பேரை மீட்க, வந்துசேர்ந்த மூன்றாம் நாளே ஒரு கப்பலில் ஷாக்கில்டன் புறப்பட்டார். பனி வழிமறித்தது. உருகுவே நாடு தந்த கப்பலில் மீண்டும் சென்றார். அதுவும் திரும்ப வேண்டியதாயிற்று. மூன்றாம் கப்பலும் தோற்றது. அந்த வாரங்களில் அவர் தலைமுடி நரைத்துவிட்டது என்கிறார்கள்.

அங்கே தீவில், கவிழ்த்த இரு படகுகளின் அடியில் 22 பேர் நான்கு மாதத்திற்கும் மேலாகப் பென்குயின், கடல்நாய் இறைச்சியைத் தின்று காலம் தள்ளினார்கள். குளிரால் அழுகிய பிளாக்பரோவின் கால்விரல்களை மருத்துவர்கள் அங்கேயே வெட்டியெடுத்தார்கள். ஆனாலும், பாதை திறந்திருப்பதாகத் தோன்றிய காலைகளில் எல்லாம் வைல்டு படுக்கைகளைச் சுருட்டி வைக்கச் சொல்வார். தலைவர் இன்றைக்கே வரக்கூடும் என்பது அவர் கூறிய காரணம். விழித்திருந்து ஆண்டவரின் வருகைக்கு ஆயத்தமாயிருங்கள் எனத் திருவருகைக் காலந்தோறும் நாம் மறையுரை வைக்கிறோம். அதன் பொருளை வைல்டின் சுருட்டிய படுக்கையில் காண்கிறோம். 1909இல் தம் கையில் பிஸ்கட்டைத் திணித்தவர் தம்மைக் கைவிடமாட்டார் என்பது அவருக்குத் தெரியும்.

1916 ஆகஸ்டு 30ஆம் நாள், சிலி நாட்டுக் கடற்படையின் யெல்ச்சோ என்ற சிறு கப்பல், லூயிஸ் பார்டோ என்பவரின் தலைமையில் தீவை நெருங்கியது. பனிக்கடலுக்கெனக் கட்டப்படாத கப்பல் அது. கரையில் ஓடிவந்தவர்களைக் கண்கொட்டாமல் எண்ணினார் ஷாக்கில்டன். 22 பேரும் இருந்தார்கள். தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போகும் ஆயரும் இப்படித்தானே எண்ணியிருப்பார்!

திரும்பி வராதவர்கள்

கதையை இங்கேயே முடித்தால் இனிமையாக இருக்கும். பலரும் இங்கேயே முடித்துவிடுகிறார்கள். ஆனால் தொடக்கத்தில் நாம் சொன்ன வீடுகளுக்கு அது நியாயமாகாது.

கண்டத்தின் மறுகரையில், ராஸ் கடல் பக்கம், ஷாக்கில்டனின் மற்றொரு குழு இருந்தது. அவர் வரும் வழியில் உணவுப் பொருள்களைச் சேமித்து வைப்பது அவர்கள் வேலை. புயல் அவர்கள் கப்பலை இழுத்துச் செல்ல, பத்துப்பேர் கரையில் அகப்பட்டார்கள். அவர் வரப்போவதில்லை என்பது தெரியாமல், பசியோடும் நோயோடும் அந்த உணவைச் சுமந்து சென்று வைத்தார்கள். அவர்களுள் மூவர் உயிரிழந்தனர். ஒருவர் அர்னால்டு ஸ்பென்சர்-ஸ்மித், ஆங்கிலிக்கன் சபையின் குருவானவர். ஸ்கர்வி நோயால் நடக்க முடியாமல் போன அவரை, தாங்களே நோயுற்றிருந்த தோழர்கள் சறுக்குவண்டியில் வாரக்கணக்கில் இழுத்து வந்தார்கள். 1916 மார்ச் 9ஆம் நாள், தங்குமிடம் நெருங்கிவந்த நிலையில், அவர் இறந்தார். மற்ற இருவர் அந்த மே மாதம் உறைகடலைக் கடக்கப் போய்த் திரும்பவில்லை.

குழுவிலேயே அதிகம் செபித்தவர்களுள் ஒருவர் அந்தக் குருவாகத்தான் இருந்திருப்பார். அவர் வீடு திரும்பவில்லை. நம்பிக்கை உள்ளவர் பிழைப்பார், இல்லாதவர் அழிவார் என்று கணக்குப் போடுபவர்களுக்கு அந்தப் பனிக்கல்லறையே மறுப்பு. இறந்தவரின் வீட்டில் போய், உங்கள் செபம் போதவில்லை என்று மறைமுகமாகவும் நாம் சொல்லிவிடக் கூடாது. அந்தக் குருவின் அருகில் கடைசிவரை தோழர்கள் இருந்தார்கள். அவரை இழுத்துக்கொண்டே வந்தார்கள். நான்காமவர் அந்தப் பக்கத்திலும் இருந்தார் என்றே நாம் நம்புகிறோம்.

ஷாக்கில்டன் இவர்களையும் மறக்கவில்லை. மீண்டும் தெற்கே பயணம் செய்து, 1917 சனவரி 10ஆம் நாள் எஞ்சிய ஏழு பேரையும் மீட்டார். இறந்த மூவரின் நினைவாக அங்கே ஒரு சிலுவை நடப்பட்டது. வீடு திரும்பியவர்களையும் அன்று ஐரோப்பாவில் நடந்த போர் விடவில்லை. படகுப் பயணத்தில் உடன் வந்த திமத்தி மெக்கார்த்தி 1917இல் கடற்போரில் இறந்தார்.

ஷாக்கில்டனிடம் குறைகளும் இருந்தன. படகைச் செம்மை செய்த தச்சர் மெக்னிஷ், பனித்தளத்தில் ஒருமுறை அவரை எதிர்த்துப் பேசியவர். அவருக்குத் துருவப் பதக்கம் கிடைக்கப் பரிந்துரைக்க ஷாக்கில்டன் மறுத்துவிட்டார். ஆபத்தில் எவரையும் விடாதவருக்கு, மன்னிப்பது அவ்வளவு எளிதாக இல்லை. இதுவும் நமக்கு ஒரு பாடம்.

கடைசி வீடு

1921இல் மீண்டும் தெற்கே புறப்பட்டார். 1922 சனவரி 5ஆம் நாள் அதிகாலை, தெற்கு ஜார்ஜியாவில் நின்ற கப்பலிலேயே மாரடைப்பால் இறந்தார். வயது 47. உடலை இங்கிலாந்துக்குக் கொண்டுசெல்லும் வழியில், அவரைத் தெற்கு ஜார்ஜியாவிலேயே அடக்கம் செய்யுமாறு மனைவி எமிலி சொல்லியனுப்பினார். மார்ச் 5ஆம் நாள் கிரிட்விகனில், திமிங்கல வேட்டைக்காரர்களின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 2022 மார்ச் 5ஆம் நாள், என்டியூரன்ஸ் கப்பல் 3,008 மீட்டர் ஆழத்தில் கண்டுபிடிக்கப்பட்டது.

இத்தனை பேரை வீடு சேர்த்தவர் தம் வீட்டில் இறக்கவில்லை. இம்மண்ணில் எந்த வீடும் நமக்கு நிலையான வீடு அன்று. பேரிடரில் தப்பியவருக்கும் ஒருநாள் இறுதிப் பயணம் உண்டு, தப்பாதவருக்கும் தந்தையின் இல்லத்தில் இடம் உண்டு. எனவே நம்பிக்கை என்பது நம்மை மட்டும் காப்பாற்றும் தாயத்து அன்று. பாதுகாப்பான கரை சேர்ந்தபின்னும், விட்டுவந்தவர்களை நினைத்துத் திரும்பிப்போகச் செய்யும் ஆற்றல் அது.

அன்புக்குரியவர்களே, நம் பங்கில் இன்று யார் எலிபண்ட் தீவில் காத்திருக்கிறார்கள்? போனவர் வராமல் தவிக்கும் குடும்பம், நிவாரணப் பட்டியலில் பெயர் விடுபட்ட விதவை, பேரிடர் முடிந்து மற்றவர்கள் மறந்துவிட்ட பிள்ளைகள். முதல்முறை போய்ப் பயனில்லை என்றால் நான்காம்முறையும் போவோம். அவர்கள் அருகில் பதில் தெரியாமல் அமர்ந்திருக்க நேர்ந்தாலும், எழுந்து வந்துவிடாதிருப்போம். அவர்களோடு நாம் நடக்கையில், எண்ணிக்கையில் ஒருவர் கூடுதலாக உடன் நடக்கிறார் என்பதை உணரும் அருளை ஆண்டவரிடம் கேட்போம்.